கடைசிக் கொடை யாருடையது?

பொதுக் காரியத்துக்கென்று பணம் திரட்டப் புறப்படுவோர் முதலில் செய்யும் வேலை ஒன்று உண்டு. ஊரிலுள்ள தனவந்தர்களின் பெயர்களை ஒரு தாளில் எழுதி, இவரிடம் ஆயிரம் எதிர்பார்க்கலாம், இவரிடம் நூறு எதிர்பார்க்கலாம் என்று குறித்துக்கொள்வார்கள். பள்ளிக்கூடக் கட்டடமாயினும் வாசகசாலையாயினும் இதுவே வழக்கம். பின்னர் வெளியாகும் நன்கொடைப் பட்டியலில் பெருந்தொகை கொடுத்தவர் தலையில் நிற்பார். மாதந்தவறாமல் ஒரு வெள்ளி, இரண்டு வெள்ளி கொடுத்துவந்தவரோ "மற்றும் பலர்" என்ற இரண்டு சொற்களுக்குள் மறைந்துபோவார்.

இன்று கையிலெடுத்துக் கொடுக்கும் பணத்தைப் பொறுத்தவரையில் இம்முறையில் பெரும் பிழையில்லை. ஆனால் ஒரு மனிதர் தம் ஆயுளில் கொடுக்கக்கூடிய கொடைகளுள் மிகப் பெரியது பெரும்பாலும் கடைசிக் கொடையே. அதாவது உயிலின் மூலம் விட்டுச்செல்வதே. அக்கொடையைத் தருவோர் யார்? அவர்களை எங்ஙனம் அறிவது? தனவந்தர் பட்டியல் இதற்கு விடை சொல்வதில்லை. இக்கேள்விக்கு ஈராயிரம் ஆண்டு வரலாறு இருக்கிறது. அதில் வெட்கப்படத்தக்க பகுதியும் உண்டு. நாம் பின்பற்றத்தக்க பகுதியும் உண்டு. இரண்டையும் அறிந்துகொள்வது நமது சங்கங்களுக்கு நன்மை பயக்கும்.

ரோமாபுரியில் உயில் வேட்டை

பண்டை ரோமாபுரியில் பிள்ளையில்லாத செல்வர்களைச் சுற்றி எப்போதும் ஒரு கூட்டம் இருந்துவந்தது. அவர்களுக்குப் பரிசு அனுப்புவது, வழக்குகளில் துணை நிற்பது, நோயுற்றால் படுக்கையருகில் கண்ணீர் விடுவது, இவையே அக்கூட்டத்தின் தொழில். உயிலில் ஒரு பங்கு கிடைக்கவேண்டும் என்பதைத் தவிர வேறு நோக்கமில்லை. ஹொராஸ் என்னும் கவிஞர் கிறிஸ்துவுக்கு முன்னரே இத்தொழிலை எள்ளி நகையாடி ஓர் அங்கதச் செய்யுள் இயற்றினார்.

முதல் நூற்றாண்டின் இறுதியில் வாழ்ந்த ரெகுலஸ் என்ற வழக்கறிஞரைப் பற்றி இளைய பிளினி ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். வெரானியா என்ற கைம்பெண் கடும் நோயில் கிடந்தாள். அவளுடைய கணவனுக்குப் பகைவராயிருந்த ரெகுலஸ், கூசாமல் அவள் படுக்கையருகில் போய் உட்கார்ந்தார். பிறந்த நாள் என்ன, நாழிகை என்ன என்று வினவினார். விரல்விட்டுக் கணக்கிட்டார்; உதடுகள் அசைந்தன; நெற்றி சுருங்கியது. "ஆபத்தான காலந்தான், ஆனால் பிழைத்துக்கொள்வாய்" என்று அறிவித்தார். பலிகொடுத்துக் குறி பார்த்ததிலும் அவ்வாறே தெரிந்ததாகச் சொன்னார். நம்பிய அப்பேதை உயிலை வரவழைத்து அவருக்கும் ஒரு பங்கு எழுதினாள். சில நாளில் நோய் முற்றியது. அவரைச் சபித்துக்கொண்டே அவள் உயிர் நீத்தாள். சோதிடம் எத்தொழிலுக்கெல்லாம் கருவியாகும் என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுவதில்லை.

ரோமாபுரி கிறிஸ்தவ நாடான பின்பும் இத்தொழில் ஒழியவில்லை, உடையைத்தான் மாற்றிக்கொண்டது. எவரும் தம் ஆஸ்தியைத் திருச்சபைக்கு உயில் மூலம் விடலாம் என்று 321ஆம் ஆண்டில் கான்ஸ்டன்டைன் சக்கரவர்த்தி சட்டம் செய்தார். அரை நூற்றாண்டு கழிவதற்குள், 370ஆம் ஆண்டில், வாலன்டினியன் சக்கரவர்த்தி வேறொரு சட்டம் போட நேர்ந்தது. பாதிரிமார் கைம்பெண்களின் வீடுகளுக்குப் போகலாகாது. அவர்களிடமிருந்து உயில் கொடை பெறலாகாது என்பது அச்சட்டம். ரோமாபுரியின் பிஷப்புக்கே அது அனுப்பப்பட்டது. அக்காலத்துப் பேரறிஞரும் துறவியுமான ஜெரோம், இப்படியொரு சட்டம் வந்ததற்காக வருந்தவில்லை என்றும், இதற்கு நம்மவர் தகுதியாகிவிட்டார்களே என்பதற்காகவே வருந்துவதாகவும் எழுதினார். தம் கூட்டத்தின் குற்றத்தைத் தாமே எடுத்துச்சொன்ன அந்த நேர்மையைப் பாராட்டவேண்டும்.

சட்டம் போட்ட வேலி

இங்கிலாந்திலும் இதே கதை நடந்தது. மடங்களுக்குப் போன நிலம் ஒருநாளும் திரும்பி வாராது. மடத்துக்குச் சாவில்லையாதலால் வாரிசு வரி முதலிய வருமானமும் பிரபுக்களுக்கு இல்லாமற்போயிற்று. பிணத்தின் கை பிடித்த பொருளை விடாதது போல என்ற கருத்தில் இதனைச் "செத்த கை" என்றே சட்டத்தில் வழங்கினர். 1279ஆம் ஆண்டில் அரசர் முதலாம் எட்வர்ட் இதற்குத் தடை விதித்தார். 1601ஆம் ஆண்டில், எலிசபெத்து அரசியார் காலத்தில், எவையெவை தருமம் என்று ஒரு சட்டத்தின் முகப்பில் வரிசைப்படுத்தினார்கள். முதியோரையும் ஏழைகளையும் காத்தல், ஊனமுற்ற போர்வீரரைப் பேணுதல், பள்ளிக்கூடங்கள், பாலங்கள், சாலைகள், அனாதைகளின் கல்வி, ஏழைப் பெண்களின் திருமணம் ஆகியவை அதில் இடம்பெற்றன. தருமம் என்றால் கோயிலுக்குக் கொடுப்பது மட்டுமே என்ற எண்ணத்தை அந்தப் பட்டியல் மெல்ல உடைத்தது.

1736ஆம் ஆண்டுச் சட்டமோ இன்னும் கடுமையானது. தருமத்துக்கு நிலம் கொடுக்க விரும்புவோர் சாவதற்குப் பன்னிரண்டு மாதத்துக்கு முன்னரே பத்திரம் எழுதிக் கொடுத்துவிடவேண்டும். உயிலில் எழுதினால் செல்லாது. மரணப் படுக்கையில் கிடப்பவரின் மனக்கலக்கத்தை யாரும் பயன்படுத்திக்கொள்ளலாகாது என்பதே அதன் உட்கருத்து. 1891ஆம் ஆண்டில்தான் அந்தத் தடை தளர்த்தப்பட்டது.

நமது நாட்டிலும் இதன் எதிரொலி கேட்டது. பினாங்கில் ஒரு சீன மூதாட்டி, தம் கணவரையும் தம்மையும் நினைத்துச் சடங்குகள் நடத்துவதற்கென்று ஒரு வீட்டை என்றென்றைக்கும் ஒதுக்கி உயில் எழுதியிருந்தார். வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை போயிற்று. 1875ஆம் ஆண்டில் வெளிவந்த தீர்ப்பில், அது குடும்பத்தாருக்கே உரிய காரியம், பொதுமக்களுக்கு அதனால் பயனில்லை, ஆகவே என்றென்றைக்கும் நிற்கும் தருமமாக அதை ஒப்புக்கொள்ள முடியாது என்று நீதிபதிகள் கூறினர். பெயர் நிலைக்கவேண்டும் என்ற ஆசை மனிதருக்கு இயல்பானது. அவ்வாசையைப் பொதுப்பயனோடு சேர்த்து வைத்தால்தான் சட்டம் அதற்குக் காவல் நிற்கும் என்பது இத்தீர்ப்பின் படிப்பினை.

உயிரோடிருக்கும்போதே ஓர் ஏற்பாடு

இனி, போற்றத்தக்க பகுதிக்கு வருவோம். பெஞ்சமின் பிராங்க்ளின் 1790ஆம் ஆண்டில் காலமானார். அவருடைய உயில் பாஸ்டன், பிலடெல்பியா ஆகிய இரண்டு நகரங்களுக்கும் தலைக்கு ஆயிரம் பவுன் விட்டிருந்தது. தொழில் பழகி முடித்த இளைஞர்களுக்கு அதிலிருந்து கடன் கொடுத்து, இருநூறு ஆண்டு அத்தொகையை வளர்த்துவரவேண்டும் என்பது நிபந்தனை. இருநூறு ஆண்டு முடிந்தபோது பாஸ்டனில் அது ஏறக்குறைய ஐம்பது இலட்சம் டாலராகவும், பிலடெல்பியாவில் ஏறக்குறைய இருபது இலட்சம் டாலராகவும் வளர்ந்திருந்தது. இந்த இரண்டு நகரங்களும் அவரிடம் போய்க் கேட்கவில்லை. ஒன்று அவர் பிறந்து எழுத்துக் கற்ற ஊர். மற்றொன்று அவர் கடன் பெற்று அச்சுத்தொழில் தொடங்கி முன்னேறிய ஊர். உயில் கொடை ஒருவருடைய வாழ்க்கைக் கதையிலிருந்தே பிறக்கிறது.

ஆனால் கொடுக்க மனமிருந்தும் முதுமையில் கைப்பொருளை விட்டுவிட அஞ்சுவோர் பலர். அவ்வச்சத்துக்கு ஒரு வழி காணப்பட்டது. ஜான் டிரம்புல் என்ற ஓவியர் அமெரிக்க விடுதலைப் போரை வரைந்து புகழ்பெற்றவர், முதுமையில் வறுமையுற்றார். 1831ஆம் ஆண்டில் அவர் தம் ஓவியங்களை யேல் கல்லூரிக்குக் கொடுத்தார். கல்லூரி அவருக்கு ஆயுள் உள்ளவரை ஆண்டுக்கு ஆயிரம் டாலர் கொடுக்க உடன்பட்டது. கொடுத்தவருக்குச் சோறு, பெற்றவருக்குச் செல்வம். 1843ஆம் ஆண்டில் அமெரிக்க பைபிள் சங்கமும் இவ்வாறே ஒருவரிடம் பணம் பெற்று, அவருக்கு ஆயுட்கால ஆண்டுத்தொகை கொடுக்கும் முறையைத் தொடங்கியது. நாளடைவில் சங்கங்கள் ஒன்றோடொன்று போட்டியிட்டு மிகுந்த தொகையை வாக்களிக்கும் ஆபத்து உண்டாகவே, 1927ஆம் ஆண்டில் ஒரு குழு அமைத்து, வயதுக்கு ஏற்ற தொகையைப் பொதுவாக வகுத்தார்கள். வேட்டையாக இருந்தது ஏற்பாடாக மாறிய வரலாறு இது.

அறியப்படாத கொடையாளிகள்

அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் ஓசியோலா மெக்கார்ட்டி என்ற கறுப்பினப் பெண்மணி இருந்தார். 1908ஆம் ஆண்டில் பிறந்தவர். நோயுற்ற அத்தையைப் பார்த்துக்கொள்வதற்காக ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டார். பிறர் துணிகளை வெளுத்துத் தேய்த்துக் கொடுப்பதே அவர் செய்த தொழில். எண்பத்தாறு வயதில் கை மூட்டுகள் மறுத்த பின்பே அதை நிறுத்தினார். மணஞ்செய்துகொள்ளவில்லை, கார் வாங்கவில்லை, வந்த காசில் ஒரு பகுதியை வாரந்தோறும் வங்கியில் போட்டுவந்தார்.

தமக்குப்பின் பணம் யாருக்கு என்பதை அவருக்கு விளங்கவைக்க வங்கி அதிகாரி ஓர் எளிய வழி கண்டார். பத்துச் சிறு நாணயங்களை மேசைமேல் வைத்து, ஒவ்வொன்றும் உங்கள் சேமிப்பில் பத்தில் ஒரு பங்கு, உங்கள் விருப்பப்படி பிரித்துவையுங்கள் என்றார். அம்மையார் ஒன்றைத் தம் தேவாலயத்துக்கு வைத்தார். மூன்றை உறவினர் மூவருக்கு வைத்தார். எஞ்சிய ஆறையும் தெற்கு மிசிசிப்பிப் பல்கலைக்கழகத்துக்கு வைத்தார். 1995ஆம் ஆண்டில் வெளியான அக்கொடை 1,50,000 டாலர். ஏழை மாணவர்களின் படிப்புக்கானது. 1960களின் நடுப்பகுதி வரை கறுப்பின மாணவரைச் சேர்த்துக்கொள்ளாத கல்விநிலையம் அது. அவரை அப்பல்கலைக்கழகத்தார் முன்பின் அறியார். எந்தத் தனவந்தர் பட்டியலிலும் அவர் பெயர் இருந்ததில்லை. 1999ஆம் ஆண்டில் அவர் மறைந்தார்.

ரொனால்டு ரீட் என்பவரின் கதையும் இத்தகையதே. வெர்மான்ட் மாநிலத்தில் பெட்ரோல் கடையில் வேலைசெய்து, பின்னர் ஒரு கடையில் துப்புரவுப் பணி செய்தவர். கிழிந்த மேலங்கியை ஊக்கு மாட்டி உடுத்துவார். ஊர் மருத்துவமனையின் சிற்றுண்டிச்சாலையில் காலை உணவு உண்பார். ஊர் நூல்நிலையத்தில் புத்தகம் எடுப்பார். 2014ஆம் ஆண்டில், தொண்ணூற்றிரண்டாம் வயதில் அவர் இறந்தபின் பார்த்தால், அம்மருத்துவமனைக்கு நாற்பத்தெட்டு இலட்சம் டாலரும் நூல்நிலையத்துக்குப் பன்னிரண்டு இலட்சம் டாலரும் விட்டிருந்தார். பங்குகளை வாங்கி விற்காமல் வைத்திருந்து சேர்த்த செல்வம் அது. தம்மிடையே நாள்தோறும் நடமாடிய பெருங்கொடையாளியை அவ்விரண்டு நிலையத்தாரும் அறிந்திருக்கவில்லை.

கணக்குச் சொல்லும் உண்மை

இவை அபூர்வக் கதைகள் என்று சிலர் சொல்லக்கூடும். பெருந்தொகையைப் பொறுத்தவரை அபூர்வமே. மனநிலையைப் பொறுத்தவரை அபூர்வமன்று. இங்கிலாந்தின் உயிர்காப்புப் படகுச் சங்கம் 1824ஆம் ஆண்டில் தோன்றியது. அதன் படகுகள் கடலில் இறங்கும் பத்துத் தடவைகளில் ஆறு தடவைக்கு உயில் கொடைகளே செலவைத் தாங்குகின்றன என்று அச்சங்கத்தார் கூறுகிறார்கள்.

அமெரிக்காவில் ரஸ்ஸல் ஜேம்ஸ் என்னும் பேராசிரியர் முதியோரைப் பற்றிய நீண்டகாலக் கணக்கெடுப்பைக்கொண்டு ஆராய்ந்தார். ஐம்பது வயதைத் தாண்டி, ஆண்டுதோறும் ஐந்நூறு டாலருக்குக் குறையாமல் தருமம் செய்து, உயிலும் எழுதி வைத்திருப்போரை எடுத்துக்கொண்டார். பேரப்பிள்ளைகள் உள்ளவரில் பத்துப்பேரில் ஏறக்குறைய ஒருவரே தருமத்துக்கும் பங்கு எழுதியிருந்தார். சந்ததியற்றவரிலோ இருவரில் ஒருவர் எழுதியிருந்தார். செல்வத்தைக் காட்டிலும் இவ்வேற்றுமை வலிமையுடையது.

மாதந்தோறும் சிறிதே கொடுப்பவர் இறுதியில் பெரிதாகக் கொடுப்பதற்குக் காரணமும் தெளிவு. உயிருள்ளவரை முதியவருக்கு அச்சம் உண்டு. நாளை நோய் வந்தால் என்ன செய்வது? குடியிருக்கும் வீட்டை எப்படி விற்பது? இவ்வச்சம் உள்ளவரை கை குறுகியே இருக்கும். சாவோடு அவ்வச்சமும் போகிறது. வீடும் சேமிப்பும் அப்போதுதான் கொடுக்கத்தக்கவையாகின்றன. ஆகவே மாதச் சந்தா ஒருவருடைய செல்வத்தை அளந்து காட்டுவதில்லை. அவருடைய பற்றையே காட்டுகிறது.

கேட்கும் முறையும் முக்கியம். இங்கிலாந்தில் உயில் எழுத வந்தவர்களிடம் நடத்திய ஒரு சோதனையின் முடிவு 2013ஆம் ஆண்டில் வெளியாயிற்று. தருமத்தைப் பற்றி ஒன்றும் கேட்காதபோது நூற்றுக்கு ஐந்துபேரே அதற்குப் பங்கு வைத்தனர். "தருமத்துக்கு ஏதேனும் விட விருப்பமா?" என்று கேட்டபோது பத்துப்பேர் வைத்தனர். பலரும் இவ்வாறு விடுகிறார்கள் என்று சொல்லி, தங்கள் மனத்துக்கு உகந்த காரியம் உண்டா என்று வினவியபோது பதினைந்துபேர் வைத்தனர். ஒரு மென்மையான கேள்வி மும்மடங்கு பலன் தந்தது.

ஆயினும் ரெகுலஸ் இன்னும் சாகவில்லை. இங்கிலாந்தில் விலங்கு வதைத் தடுப்புக்கான அரசச் சங்கமும் இருதய நோய்க்கான ஒரு பெரிய அறநிலையமும், தங்களுக்குக் கொடுத்தோரின் வீட்டு மதிப்பு, வருமானம் முதலியவற்றை அவர்கள் அறியாமல் தனி நிறுவனங்களைக்கொண்டு ஆராய்ந்தன என்று கண்டு, 2016ஆம் ஆண்டில் அரசாங்கத் தகவல் ஆணையர் முன்னதற்கு 25,000 பவுனும் பின்னதற்கு 18,000 பவுனும் அபராதம் விதித்தார். அன்று விரல்விட்டு நாழிகை கணித்தார்கள். இன்று இயந்திரத்தைக்கொண்டு ஆஸ்தியைக் கணிக்கிறார்கள். தேடப்படுபவர் அன்றும் இன்றும் ஒருவரே: சந்ததியற்ற முதியவர். அவரை வேட்டைப்பொருளாக எண்ணுவதா, நெடுநாள் தோழராக எண்ணுவதா என்பதில்தான் அறமும் அறமின்மையும் பிரிகின்றன.

நமது சங்கங்களின் ஏடு

இந்நாட்டுக்குத் தோட்ட வேலைக்கென்று வந்த நம்மவரில் தொடக்க காலத்தில் ஆண்களே மிகுதி. குடும்பமின்றி லயங்களில் காலங்கழித்து இம்மண்ணிலேயே கண்மூடியவர் பலர். நம்மவரிடம் கொடுக்கும் மனம் இல்லையென்று எவரும் சொல்லமுடியாது. 1950களில் மலாயாப் பல்கலைக்கழகத்து இந்திய இயல் பகுதிக்காகத் "தமிழ் எங்கள் உயிர்" என்ற நிதி திரட்டப்பட்டபோது, தோட்டத் தொழிலாளர் உட்படப் பொதுமக்கள் சிறுசிறு தொகைகளாகக் கொடுத்தனர். கொடுத்த கை உண்டு. அக்கையை நினைவில் வைத்து நெடுங்காலம் உறவு பேணும் வழக்கந்தான் நம்மிடம் குறைவு.

ஆகவே நமது சங்கங்களின் காரியதரிசிகள் பழைய சந்தா ஏட்டை ஒருமுறை புரட்டிப் பார்க்கவேண்டும். தொகை எழுதிய பத்தியை மறைத்துவிட்டு ஆண்டுகளை எண்ணவேண்டும். பத்து ஆண்டுக்கு மேல் விடாமல் கொடுத்தவர் முதல் வரிசை. நாற்காலி தூக்கியும் பிள்ளைகளுக்குப் பாடஞ்சொல்லியும் உடலால் உழைத்தவர் அவர்க்கு இணையானவர். இவர்களுள் நேர் வாரிசு இல்லாதவரை முதலில் நினைக்கவேண்டும். முதுமையினால் சந்தா நின்றுபோனவரின் பெயரை அடித்துவிடுவது பெரும் பிழை. நின்றது வருமானமேயன்றிப் பற்று அன்று. அவர் வீட்டுக்கு ஒருவர் போய்ச் சுகம் விசாரித்து வருவது முதற்கடமை. பணத்துக்காகப் போவதாயிருந்தால் போகாமலிருப்பதே நன்று.

கேட்பதற்கும் வரம்பு வேண்டும். ஆண்டறிக்கையில் இரண்டு வரி எழுதலாம். ஒருமுறை மென்மையாகச் சொல்லலாம். நோய்ப்படுக்கையில் பேசலாகாது. மனைவி மக்களின் பங்கைக் குறைக்கச் சொல்லலாகாது. சங்கத்து ஆட்களே உயில் எழுதிக் கொடுக்கலாகாது. தனி வழக்கறிஞரிடம் போகச் சொல்லவேண்டும். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் முஸ்லிமல்லாதார் உயிலுக்கு இரண்டு சாட்சிகள் ஒருங்கேயிருந்து கையொப்பமிடவேண்டும். சாட்சிக்கோ சாட்சியின் கணவன் மனைவிக்கோ எழுதிய பங்கு செல்லாது. தொழிலாளரின் சேமநிதிப் பணம் உயிலில் அடங்காது. அதற்குத் தனியே நியமனம் எழுதவேண்டும். முஸ்லிம் அன்பர்கள் பொதுவாக மூன்றில் ஒரு பங்குக்கு உட்பட்டே இவ்வாறு விடமுடியும். குறித்த தொகையை எழுதுவதைவிட, மெக்கார்ட்டி அம்மையார் பத்து நாணயங்களைப் பிரித்ததுபோல் பங்காக எழுதுவது நன்று. காலம் மாறி வெள்ளியின் மதிப்பு குறைந்தாலும் பங்கு பங்காகவே நிற்கும்.

சலவைத் தொழிலாளியின் ஆறு நாணயங்கள் ஒரு பல்கலைக்கழகத்தில் ஏழைப் பிள்ளைகளைப் படிக்கவைக்கின்றன. நம்மிடையேயும் அத்தகைய கைகள் இருக்கின்றன. "மற்றும் பலர்" என்று எழுதும் பேனாவைச் சற்று நிறுத்தி, அப்பலரின் பெயர்களை முழுமையாக எழுதத் தொடங்குவோமாக.